பரஸ்தானம் போன சத்தம்

கிணற்று வீதிக்கு முதல்நாள் சத்தம் வரும், மறுநாள்தான் கார் வரும். பீளமேட்டில் அவினாசி ரோட்டை விட்டுத் தெற்கே இறங்கினால் லேத் பட்டறையும் வீடும் லேத் பட்டறையும் வீடுமாக நீளுகிற அந்த வீதியில், இன்றைக்குச் சாயங்காலம் சென்னியப்பனுடைய காரின் சத்தம் உறுமிக்கொண்டு போனால், நாளைக்குச் சாயங்காலம் அதே நேரத்துக்கு அந்தப் பச்சைக் கார் ஒரு முனகல்கூட இல்லாமல் சத்தம் போன வழியிலேயே போகும். வெளியூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் யாராவது, "ஏனுங்க, வண்டியைக் காணோம், சத்தம் மட்டும் போவுது?" என்று கேட்டால், "அது நாளைக்குப் போற வண்டிங்க, நீங்க காப்பியைக் குடிங்க" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்கள். மனிதர்களுக்கு எதுவும் பழகிப்போகும். கோயமுத்தூர்க்காரர்களுக்கு, காரியத்துக்கு உதவும் என்று தெரிந்துவிட்டால், கொஞ்சம் சீக்கிரமாகவே பழகிப்போகும்.

எல்லாம் அந்த எக்ஸாஸ்ட் பைப்பால் வந்தது. இல்லை, அம்சவேணியால் வந்தது என்று வீதியில் சொன்னார்கள், அவளும் கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அம்சவேணி சென்னியப்பனின் மனைவி. வார்ப்புப் பட்டறை வைத்திருந்த அப்பாவுக்கு ஒரே மகள். கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவின் மெட்டடார் வேனில் பம்புசெட் உறுப்புகளை ஏற்றிக்கொண்டு கணபதிக்கும் சிங்காநல்லூருக்கும் தானே ஓட்டிக்கொண்டு போனவள். கல்யாணத்துக்குப் பிறகு ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. யாரும் கூடாது என்று சொல்லவில்லை, யாரும் சாவியைக் கையில் கொடுக்கவுமில்லை, அவ்வளவுதான். அப்பா கட்டிக்கொடுத்த வீட்டில், அப்பா வைத்துக்கொடுத்த லேத் பட்டறையின் வரும்படியில் குடித்தனம். குழந்தை இல்லை. அதனால் அந்த வீட்டைத்தான் அவள் பிள்ளையைப் போல வளர்த்தாள். ஒவ்வொரு ஜன்னலுக்கும் மரம் பார்த்தது அவள், தண்ணீர்த் தொட்டிக்கு இடம் சொன்னது அவள், தரைக்கு எந்தச் சிவப்பு என்று மேஸ்திரியோடு சண்டை போட்டது அவள். சென்னியப்பன் அந்த வீட்டில் நன்றாகச் சாப்பிட்டான், நன்றாகத் தூங்கினான், என்றைக்கும் அதை "என்ர வீடு" என்று மட்டும் சொன்னதில்லை. அவன் "என்ர" என்று சொன்னது ஒன்றே ஒன்றைத்தான். கோத்தகிரியில் ஓர் எஸ்டேட் கொட்டகைக்குள் கோழிகள் அடைந்து கிடந்த, கூரையில்லாத, இரண்டே இரண்டு பேர் உட்காரக்கூடிய ஒரு பழைய வெள்ளைக்காரன் காலத்துக் கார்.

அதைக் கொண்டுவந்து, தகரம் தட்டி, பச்சை அடித்து, எஞ்சினைப் பிரித்துக் கூட்டி, கடைசியில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் வந்து நின்றான். எஞ்சினின் நாலு வாயிலிருந்தும் புகையை வாங்கிச் சைலன்சருக்கு அனுப்புகிற அந்த வார்ப்பிரும்புத் துண்டு, நடுவில் முடி கனத்துக்கு விரிசல் விட்டிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு உக்கடத்தில் சைலன்சர் வேலைக்குப் பேர் வாங்கிய கமாலுதீன் பாயிடம் போனான். மத்தியானச் சாப்பாட்டுக் கேரியரோடு அம்சவேணியும் போனாள்.

"இதையே வெல்டு வெச்சுத் தந்துடட்டுமா? பொறப்புலயே வந்த சாமான். சத்தமும் அடங்கி இருக்கும்" என்றார் பாய்.

"கெழவன் இருமற மாதிரி இருக்குதுங்க பாய் அது. எனக்கு ஹெடர்தான் வேணும்" என்றான் சென்னியப்பன்.

பாய் இரண்டு மாதிரிகளை எடுத்து மேசைமேல் வைத்தார். இரண்டிலும் நாலு குழாய்கள், நாலும் ஒரே நீளம், யாரும் யாரையும் முந்தக் கூடாது என்று வளைத்து நெளித்து அளவெடுத்தவை. "இது நாலு பைப்பும் ரெண்டு ரெண்டாச் சேந்து, அப்புறம் அந்த ரெண்டும் ஒண்ணாகறது. ஊருக்குள்ள நின்னு நின்னு எடுக்கறதுக்கு, மேட்டுல இழுக்கறதுக்கு இதுதான் தோது. குடும்பஸ்தன் வண்டி. இந்தா இது, நாலும் ஒரே எடத்துல வந்து ஒண்ணாயிடும். ஊருக்குள்ள மக்கர் பண்ணும், மிதிச்சாலும் பத்தாது. ஆனா பைபாஸ்ல விட்டுட்டீங்கன்னா அதுபாட்டுக்குப் போயிட்டே இருக்கும்."

"அந்த ரெண்டு ரெண்டாச் சேர்றதே இருக்கட்டுங்க. நாம எங்க போகப்போறோம், மிஞ்சிப்போனா மருதமலைக்கு" என்றாள் அம்சவேணி.

சென்னியப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. நாலும் சேருகிற இடத்தில் விரலை விட்டுத் தடவிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு ஆசையை அவள் கல்யாணம் ஆன புதிதில்கூடப் பார்த்ததில்லை. "இதையே போடுங்க பாய். இரும்பு வேண்டாம், எஸ்.எஸ்.லயே பண்ணிடுங்க" என்றான்.

"எஸ்.எஸ். நெம்ப நல்லதுதான். சூடேற ஏற மயில்கழுத்து நெறத்துக்கு வரும்" என்றார் பாய், எவர்சில்வர் குழாயை எடுக்க எழுந்துகொண்டே.

அன்றைக்கே அவளுக்குச் சுருக்கென்றது. வீடு பட்டறை ரெண்டும் ஒரே வீதியில் இருக்கிறவனுக்கு, போயிட்டே இருக்கிற குழாய் எதற்கு? ஆனால் புருஷனைக் குழாயை வைத்துச் சந்தேகப்பட்டவள் என்று பேர் வாங்க எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? கேரியரைத் திறந்து தயிர்ச்சோற்றைப் பிசைந்து கொடுத்தாள்.

குழாயைப் பூட்ட பாய் வீட்டுக்கே வந்தார். போர்ட்டிகோவில் காரை நிறுத்தி வேலையை ஆரம்பித்தபோதே நட் ஒன்று முரண்டு பிடித்தது, கொஞ்சம் அழுத்தித் திருகியதும் அதன் போல்ட் எஞ்சினுக்குள்ளேயே முறிந்தது. அதைத் துளையிட்டு எடுப்பதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. குழாயை ஏற்றி வைத்துப் பார்த்தால் மூன்றாவது குழாய் ஸ்டீயரிங் கம்பியில் உரசியது. கழற்றி, காஸ் தீயில் பழுக்கக் காய்ச்சி, உருண்டைச் சுத்தியலால் ஓரத்தை உள்ளே தட்டி, மறுபடி ஏற்றி, மறுபடி கழற்றி, கடைசியில் "மிச்சத்தை நாளைக்கு முடிச்சுடலாம் தங்கச்சி" என்று பாய் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்குக் கரிநாளுங்க பாய். கரிநாள்ல புதுச் சாமானப் போட்டு வண்டிய எடுத்தா ஆகாதுங்க."

"நாளைய விட்டா எனக்கு அடுத்த வாரந்தான் ஒழியும்."

சென்னியப்பனுக்கு அடுத்த வாரம்வரை பொறுக்காது. நாள் பார்க்காமல் எடுத்துவிடுவான், எடுத்தால் ஏதாவது ஆகிவிடும், ஆகிவிட்டால் தான் என்ன செய்வது என்று அவள் பயந்தாள். அவன்மேல் அவளுக்கு அத்தனை ஆசை இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். பரஸ்தானம் வைத்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது அந்த ஆசையில்தான். நல்ல நேரத்தில் கிளம்ப முடியாதவர்கள் மாற்றுத்துணி வைத்த ஒரு பையை அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பை கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பின கணக்கு. அப்புறம் ஆள் எந்த ராகுகாலத்தில் போனாலும் குற்றமில்லை. ஆனால் காருக்கு எதை அனுப்புவது? எதிர்வீட்டு லோகாம்பாள் ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டுவந்து தன் வீட்டில் வைக்கச் சொன்னாள். போகப்போவது புதுக் குழாய், அதற்குப் பழைய டயர் எப்படிப் பரஸ்தானம் ஆகும்? புதுக் குழாயிலிருந்து பிரித்து அனுப்பக்கூடியது என்று ஒன்றுதான் இருந்தது. பாய் சிரித்துக்கொண்டே இரண்டே நட்டில் குழாயைத் தொங்கவிட்டார், சென்னியப்பன் சாவியைத் திருப்பினான், அம்சவேணி சூடத்தைச் சுற்றிக்காட்டி எலுமிச்சம்பழத்தை நசுக்கினாள். சைலன்சர் இல்லாத அந்த நாலு குழாய்ச் சத்தம் ஜன்னல் கண்ணாடிகளை உலுக்கிவிட்டு, கேட்டைத் தாண்டி, லோகாம்பாள் வீட்டு வாசலில் சற்று நின்று, வீதி வழியாக இறங்கி, ஹோப் காலேஜ் பக்கமாகப் போய்த் திரும்பி வந்தது. எஞ்சினை எப்போதோ அணைத்தாயிற்று. சத்தம் மட்டும் போய்விட்டு வந்தது.

மறுநாள் கரிநாளில் எல்லா நட்டும் முறுக்கி, சைலன்சரும் மாட்டி, காரை எடுத்தார்கள். எஞ்சின் ஓடியது, குழாய் சூடேறி மயில்கழுத்து நிறத்துக்கு வந்தது, ஹோப் காலேஜ் வரை போய்த் திரும்பினார்கள். சத்தம் இல்லை. பாய் பின்குழாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "காத்து வருது. சத்தந்தான் நேத்தே போயிடுச்சு" என்றார். வேலையில் குறை இருந்தால் சொல்லுங்கள் என்றும் சொன்னார். குறை எதுவும் இல்லை என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து அப்படித்தான். வீதி அதை எப்படி எடுத்துக்கொண்டது என்பதைத்தான் சொல்ல வேண்டும். டியூஷன் எடுக்கிற மரகதம் டீச்சர், சத்தம் போட்ட நேரத்துக்கு மறுநாள் பரீட்சை வைத்தாள், ஏனென்றால் அந்த நேரத்துக்குக் கார் போகும், கார் போகிற நேரத்தில் வீதி அமைதியாக இருக்கும். லோகாம்பாள், சென்னியப்பன் நாளைக்கு டவுனுக்குப் போவதைச் சத்தத்தில் தெரிந்துகொண்டு, ரங்கே கவுடர் வீதியில் வாங்க வேண்டியதை இன்றைக்கே எழுதிவைத்தாள். தெருநாய்கள் முதல்நாளே துரத்தி ஓடிவிட்டு, கார் வருகிற அன்று காலை நீட்டிப் படுத்துக்கொண்டன. இரைச்சல் என்று யாரோ புகார் கொடுத்து வந்த டிராபிக் போலீஸ்காரர், சத்தம் போட்டபோது வண்டி இல்லை, வண்டி வந்தபோது சத்தம் இல்லை, கேஸை எதன்மேல் போடுவது என்று திகைத்து, பேக்கரியில் தேங்காய் பன் தின்றுவிட்டுப் போனார். அந்த பேக்கரி வாசலில்தான் ரிட்டயரான ஏட்டு ரங்கராஜ் தினமும் உட்கார்ந்திருப்பார். சத்தத்தைக் கேட்டு, எந்தப் பக்கம் திரும்புகிறது, எத்தனை நேரத்தில் திரும்பி வருகிறது என்று எடுத்துச் சொல்வது அவர் உத்தியோகம் ஆகிவிட்டது. வெகுநாளாக அவர் சொல்லை யாரும் கேட்காமல் இருந்தது, இப்போது கேட்டார்கள். பெருமையில் மீசைக்கு மறுபடி மை பூச ஆரம்பித்தார்.

பாவம், சென்னியப்பன்தான் எதற்காகக் குழாய் போட்டானோ அது கிடைக்காமல் போனான். ஓட்டும்போது சத்தம் இல்லை. சத்தம் வரும்போது அவன் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நாளைய தன்னை இன்றைக்குக் கேட்டுக்கொண்டு நிற்பான். தெருமுனையில் இரண்டு தரம் ஆக்சிலேட்டரை உறுமவிட்டுத்தான் திரும்புவது அவன் பழக்கம். அந்த இரண்டு உறுமலும் வந்தால் லேசாகச் சிரிப்பான். போக நினைக்காத இடத்துக்குச் சத்தம் போய்விட்டு வந்தால், முதலில் "எனக்கு அங்க என்ன சோலி?" என்பான், மறுநாள் பார்த்தால் சோலி வந்து சேர்ந்திருக்கும், கிளம்பிவிடுவான். ஒரு தடவைகூடச் சத்தம் பொய் சொன்னதில்லை.

பொய் சொன்னது அவன். "நாளைக்குத் திருப்பூர் போறேன் அம்சா, பார்ட்டி ஒருத்தரைப் பாக்கணும்" என்பான். தெருமுனையில் திருப்பூருக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும். சத்தமோ முந்தின நாளே இடப்பக்கம் திரும்பி, ஊருக்குள் போய், மேட்டுப்பாளையம் ரோட்டைப் பிடித்து, கோத்தகிரி மலை ஏறப் போயிருக்கும். அவளுக்குக் கேட்டது வீதிக்கும் கேட்டது. லோகாம்பாள் கிண்ணத்தில் குழம்பு கொண்டுவர ஆரம்பித்தாள், மரகதம் டீச்சர் கோயிலுக்குக் கூப்பிட ஆரம்பித்தாள், ஏட்டு அவளைக் கண்டால் பேச்சை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்தார். கோத்தகிரியில் யார் என்று அவள் சென்னியப்பனைக் கேட்கவே இல்லை. கேட்டால் சொல்லிவிடுவான் என்று பயம். குழம்பு நன்றாகத்தான் இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் காலையில், அவள் மோர் கடைந்துகொண்டிருக்க, போர்ட்டிகோவிலிருந்து சத்தம் கிளம்பியது. கேட்டைத் தாண்டி, வீதியில் இறங்கி, முனைக்குப் போய், இடப்பக்கம் அல்ல, வலப்பக்கம் திரும்பி, நீலாம்பூர் வரைக்கும் போய், பைபாஸில் ஏறியது. அங்கேதான் அந்த நாலு குழாயும் முதல்முறையாக முழுசாக வாயைத் திறந்தன. கேட்டவர்கள் கைவேலையை நிறுத்தினார்கள்; அப்படி ஒரு சத்தம், கோயில் கொம்பு மாதிரி நீண்டு, மெலிந்து, இல்லாமல் போயிற்று. சரி, திரும்பி வரும் என்று காத்திருந்தார்கள். மத்தியானம் வரவில்லை. லேத்துகளை நிறுத்தி வைத்துக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். விளக்கு வைக்கிற நேரம் ஆயிற்று, வரவில்லை. ஏட்டு ரங்கராஜ் பேக்கரி பெஞ்சிலிருந்து எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்த எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது.

இருட்டுவதற்குள் அம்சவேணியின் வீட்டில் ஆள் சேர்ந்துவிட்டது. சாவு வீட்டுக்கு வருகிற மாதிரியே வந்தார்கள். செருப்பை வெளியே விட்டார்கள், சத்தமில்லாமல் உட்கார்ந்தார்கள், யாரோ பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். லோகாம்பாள் அவளைக் கட்டிக்கொண்டு, "ஏஞ்சாமி, உனக்கா இப்பிடி" என்று அழுதாள். மரகதம் டீச்சர் அடுப்படிக்குள் போய்க் காப்பி கலந்தாள். எந்தப் பட்டறைக்காரருக்கு எந்த லேத்தை விற்கலாம், ஒண்டிப் பொம்பளை இத்தனை பெரிய வீட்டில் எப்படி இருப்பது, மாடியை வாடகைக்கு விடலாமா என்றெல்லாம் அவள் காதுபடவே பேசினார்கள். விட்டுவிட்டுப் போகப்போகிறவன், அதே கூடத்தில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, லோகாம்பாள் கொண்டுவந்த இட்லியைத் தின்றுகொண்டிருந்தான். அவனையும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் எதுவும் செய்யாதவனை என்னவென்று கேட்பது?

எல்லோரும் போன பிறகு அவள்தான் கேட்டாள். "ஏனுங்க, போயிருவீங்களா?"

"நான் எதுவும் முடிவு பண்ணலை அம்சா. சத்தியமாச் சொல்றேன், நேத்து வரைக்கும் அப்பிடி நெனப்பே இல்லை."

"அப்பறம் என்னுங்க. போகாம இருங்க."

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். "சத்தம் போயிருச்சே. நான் என்ன பண்ணட்டும்? நீயுந்தானே கேட்ட."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். வருத்தமான முகத்தைத்தான் வைத்துக்கொண்டிருந்தான். ஆனால் அதற்கு அடியில், பள்ளிக்கூடத்தில் நாளைக்கு லீவு என்று கேட்ட பிள்ளையின் முகத்தில் வருமே, அது இருந்தது. இத்தனை வருஷத்தில் அவனை விட்டுக்கொடுக்காமல் பேசியதெல்லாம் அவளுக்கு நினைவு வந்தது. நெஞ்சு கசந்தது. ஆனாலும் விட மனசில்லை. அவன் அவளுடைய புருஷன், அது அவளுடைய வீடு, அவள் கட்டிக்காத்த குடித்தனம்.

விடிந்ததும் கமாலுதீன் பாய்க்கு போன் போட்டு வரச் சொன்னாள். பாய் ஸ்பானரோடு வந்தார். ஹெடரைக் கழற்றிவிட்டுப் பழைய வார்ப்பிரும்பை வெல்டு வைத்து மாட்டச் சொன்னாள். பாய் பானெட்டைத் தூக்கினார். அதற்குள் விஷயம் பரவி வீதியே கேட்டுக்கு வந்துவிட்டது.

"அம்மிணி, தப்பா நெனைக்காத. இதக் கழட்டக் கூடாது" என்றார் ஏட்டு ரங்கராஜ். "சத்தம் போயாச்சு. போன சத்தத்துக்கு வண்டி போகாட்டி, அப்பறம் எதைத்தான் நம்பறது? நாளைக்கு இந்த வீதிக்கு என்னாகும்னு யாருக்குத் தெரியும்?"

"என்ர வீட்டுக்காரரு போறாருங்கையா. உங்களுக்கு வீதியா பெருசு?"

"விதிச்சது விதிச்சதுதான் அம்சா. மனசத் தேத்திக்கோ. நாங்கெல்லாம் இல்லையா உனக்கு?" என்றாள் லோகாம்பாள். நேற்று அழுத கண் இன்னும் வீங்கியிருந்தது. பொய் அழுகை இல்லை அது. மனசார அழுதாள், மனசார அவன் போக வேண்டும் என்றும் இருந்தாள். போகாவிட்டால் நேற்றைய அழுகை என்ன ஆவது? சுற்றி நின்ற எல்லா முகத்திலும் அம்சவேணி அதையே கண்டாள். அவளுக்குத் துணை இருக்க எல்லோரும் தயாராகிவிட்டார்கள். அதற்கு அவள் முதலில் கைவிடப்பட வேண்டும்.

பாய் ஸ்பானரைப் பையில் போட்டுக்கொண்டார். "இத்தனை பேரும் வேண்டாங்கறப்ப நான் எப்படித் தங்கச்சி கை வைக்கறது?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சென்னியப்பன் குளிக்கப் போனான். சத்தம் போன நேரத்துக்கு இன்னும் கொஞ்சந்தான் இருந்தது. மடித்து வைத்த சட்டைகளோடு அவன் பெட்டி கட்டில்மேல் திறந்து கிடந்தது. அம்சவேணி அதன் பக்கத்தில் உட்கார்ந்து, நேற்றைய சத்தத்தை மனசுக்குள் மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். தெருமுனையில் வழக்கமான இரண்டு உறுமல் இருந்ததா? இல்லை. மறந்துவிட்டோமோ என்று இப்படியும் அப்படியும் யோசித்தாள், இல்லவே இல்லை. இடப்பக்கம் மலையில் ஆள் இருக்கும்போது வலப்பக்கம் எதற்குத் திரும்பினான்? அப்புறம் அந்த கியர். ஒவ்வொரு கியர் மாறும்போதும் நடுவில் ஒரு மூச்சு இழுக்கிற இடைவெளி. சென்னியப்பன் அப்படிப் போடமாட்டான், வெடுக்கென்று இழுப்பான். கிளட்சை ஒரு தரம் மிதித்து விட்டு, மறுபடி மிதித்துக் கியர் போடுவது பழைய வேன் ஓட்டினவர்கள் பழக்கம். "ரெண்டு தரம் மிதி கண்ணு, அதுக்கு நோகக் கூடாது" என்று அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது.

சத்தம் சொன்னது கார் போகும், திரும்பி வராது என்றுதான். யார் ஓட்டிக்கொண்டு போவார்கள் என்று அது சொல்லவே இல்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவுதானே! கருமத்தம்பட்டியில் அவள் சித்தப்பா மகன் காயலான் கடை வைத்திருக்கிறான். காரைக் கொண்டுபோய் அங்கே விட்டுவிட்டு, பஸ் ஏறி, சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். சத்தமும் பொய்யாகாது, வீதிக்கும் குறை இல்லை, கார் இல்லாமல் அவனும் எங்கே போவான்? கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், அப்புறம் சரியாகிவிடும். வீடு தங்கும், குடித்தனம் தங்கும். அடுப்பில் வெந்திருந்த பருப்பை இறக்கினாள், வந்து தாளித்துக்கொள்ளலாம் என்று மூடி வைத்தாள். மணிபர்சை மட்டும் எடுத்துக்கொண்டாள். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தாள்.

வீதி இரண்டு பக்கமும் நின்றிருந்தது. அவள் காரில் ஏறி உட்கார்ந்ததை, கடைசியாக ஒரு தரம் உட்கார்ந்து பார்க்கிறாள் பாவம் என்று நினைத்துக்கொண்டார்கள் போல, யாரும் தடுக்கவில்லை. சாவியைத் திருப்பினாள். எஞ்சின் ஓடுவது காலுக்குத் தெரிந்தது, காதுக்குத் தெரியவில்லை. கிளட்சை மிதித்து, விட்டு, மறுபடி மிதித்தாள். கார் கேட்டைத் தாண்டி, வீதியில் இறங்கியது.

ஈரத் தலையும் துண்டுமாகச் சென்னியப்பன் வாசலுக்கு ஓடி வந்து நின்றதைக் கண்ணாடியில் பார்த்தாள். வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். வேறு எந்தக் காராக இருந்தாலும் இந்நேரம் எஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்டிருக்காது. இந்தக் காரில்தான் சத்தம் இல்லையே. முதுகுக்குப் பின்னால் வீதி பேசியது ஒவ்வொரு சொல்லாகத் தெளிவாகக் கேட்டது.

"அடக் கருமமே. போனது இவளா?"

"அந்த மனுசன் போறதாச் சொல்லி ஊரையே அழ வெச்சாளே. திட்டம் போட்டுத்தான் செஞ்சிருக்கறா."

"எவன் காத்துட்டு இருக்கறானோ பைபாஸ்ல."

"நாற்காலிய எடுத்துப் போடுங்க. அண்ணா, இப்பிடி வந்து உக்காருங்க. தண்ணி கொண்டாங்க யாராச்சும்."

கடைசியாகக் கேட்டது லோகாம்பாளின் குரல். அழுது கரகரத்த அதே குரல். "நான் அப்பவே நெனச்சேன். பாவம், வாயில்லாத மனுசன். கலியாணத்துக்கு முன்னாலயே தனியா வேன் ஓட்டிட்டு ஊர் ஊராப் போனவதானே இவ."

தெருமுனை வந்துவிட்டது. இடப்பக்கமா வலப்பக்கமா என்று கேட்க அங்கே யாரும் இல்லை, வலப்பக்கம்தான் என்று நேற்றே ஆகிவிட்டது. கருமத்தம்பட்டியிலிருந்து சாயங்காலம் புறப்படுகிற பஸ்ஸை அவள் நினைத்துப் பார்த்தாள். அதிலிருந்து இறங்கி, பர்சைப் பிடித்துக்கொண்டு, இந்த வாய்களுக்கு நடுவே நடந்து, தாளிக்காத பருப்பு இருக்கிற அந்த வீட்டுக்குள் போகிற தன்னையும் நினைத்துப் பார்த்தாள். அந்தப் பெண்ணை அவளால் கேட்டைத் தாண்டிக் கொண்டுவர முடியவில்லை.

பின்னால் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சை மூழ்கடிக்க வேண்டும் என்று அம்சவேணி ஆக்சிலேட்டரை அடிவரைக்கும் மிதித்தாள். நாலு குழாயும் சூடேறின, கார் பாய்ந்தது, ஒரு சத்தமும் வரவில்லை.